2018 ஸ்கார்ப்பியோ எஸ்11, 92,000 கி.மீ. ஓடினது: அடியில என்னென்ன பாக்கோணுமுங்க?

தோப்புவழி (ஆனைமலை)

வணக்கமுங்க. ஸ்கார்ப்பியோ ஒண்ணு பார்த்து வெச்சிருக்குது. எஸ்11, 2.2 டீசல், 140 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இழுவை மட்டும். முதல் பதிவு 2018 பிப்ரவரி, கேஎல் 07. 2021-ல என்ஓசி வாங்கி டிஎன் 41-க்கு மாத்தியிருக்காங்க. இப்ப வெச்சிருக்கறவர் ரெண்டாவது ஓனர். மீட்டர் 92,400. கம்பெனி சர்வீஸ் பில்லு 61,000 வரைக்கும் இருக்குது, அதுக்கு மேல வெளிய பார்த்ததுங்கறாங்க. நடுவுல ரெண்டு கேப்டன் சீட், கடைசில முன்பார்த்த பெஞ்ச். கேக்கறது 9.25 லட்சம்.

ஓட்டப்போறது: தோப்புக்குள்ள ரெண்டு கி.மீ. மண் தடம், வாரம் ஒருக்கா கோயமுத்தூரு, மாசம் ரெண்டு நடை வால்பாறை. முட்டிவலி இருக்கற வயசானவங்க ஏறி இறங்கோணும்.

இஞ்சின் இன்னும் எவ்வளவு தாங்கும்? லிஃப்ட் இல்லாத இடத்துல சேசிஸ் நேரா இருக்குதான்னு எப்படி பாக்கறது? "நம்ம நாட்டுலயே டிசைன் பண்ண வண்டி"ங்கறாங்களே, அதுல வாங்கறவனுக்கு ஏதாச்சும் லாபம் இருக்குதா, இல்ல வெறும் விளம்பரமா? இந்த மூணுக்கும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கிரீஸ்கை (பொள்ளாச்சி)

இஞ்சினை மொதல் கேள்வியா வெச்சிருக்கீங்க. அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. அந்த 2.2 எம்ஹாக் இஞ்சின்ல எது போனாலும் சாமான் கிடைக்கும், கை வெக்கறதுக்கும் ஆளு கிடைக்கும், எவ்வளவு செலவுன்னு முன்கூட்டியே சொல்லவும் முடியும். கோணின சேசிஸும் வெள்ளத்துல நின்ன வயரிங்கும் அப்படியில்லைங்க, காசைக் கொட்டினாலும் பழைய நிலைக்கு வராது.

உங்க பதிவுல என்னை உறுத்தினது கேஎல் 07. அது எர்ணாகுளம். 2018 பிப்ரவரில பதிவான வண்டி அந்த ஆகஸ்ட்டு வெள்ளத்தப்ப அங்கதான் இருந்திருக்கும். ஆலுவா பக்கம் வீட்டுக்குள்ள நின்ன காருங்க எத்தனையோ முங்குச்சு. இந்த வண்டியும் முங்குச்சுன்னு சொல்லலைங்க. அந்தப் பாதையில வந்திருக்கறதால மொதல்ல அதைத்தான் தேடோணும்.

தேடற விதம். சீட்டு கவர், தரை மேட்டு எல்லாம் புதுசா மாத்திடுவாங்க, அதைப் பார்த்துப் புண்ணியமில்ல. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ள சுருண்டிருந்த கடைசி ஒரு அடியில வண்டல் கோடு இருக்குதா, துணி வெறைப்பா இருக்குதான்னு பாருங்க. மூணு வரிசையிலயும் பாக்கோணும், முன்சீட்டுது மட்டும் மாத்தியிருக்கலாம். அடுத்தது சீட்டு ஓடற தண்டவாளம். முன்சீட்டை முழுக்கப் பின்னாடி தள்ளிட்டு, முன்பக்கம் தெரியற பள்ளத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியைச் சொரண்டுங்க. தூசி வந்தா சரி. காய்ஞ்ச சேறு சில்லு சில்லா வந்தா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சு ஒயர் கனெக்டர் ரெண்டு மூணைக் கழட்டிப் பாருங்க, பித்தளைக் காலுல பச்சை பூத்திருக்கக் கூடாது. ஹெட்லைட்டு உள்பக்கம் கோடு கோடா மங்கியிருந்தாலும் சந்தேகந்தான்.

கடைசியா டிஃபரன்ஷியல், பின் ஆக்ஸில் நடுவுல உருண்டையா இருக்கற கியர் பெட்டி. ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி விரல் விட்டுப் பாருங்க. தண்ணி புகுந்த ஆயில் பால் ஊத்தின காப்பி மாதிரி இருக்கும். டிஃபரன்ஷியலுக்கு மூச்சு விடற சின்னக் குழாய் ஒண்ணு உண்டு. சூடா இருக்கற ஆக்ஸில் தண்ணிக்குள்ள இறங்கினா அந்த வழியில உறிஞ்சிக்கும்.

இப்ப சேசிஸ். இது ஏணி மாதிரி குறுக்குச் சட்டம் வெச்ச தனி சேசிஸ் மேல பாடியை ரப்பர் வெச்சு போல்ட்டுல நிறுத்தின வண்டி. அதனால கதவு இடைவெளி, பானட் இடைவெளி எல்லாம் சீரா இருந்தாலும் அடியில சேசிஸ் கோணியிருக்க வாய்ப்பு உண்டு. காருக்குப் பாக்கற மாதிரி மேல மட்டும் பார்த்துட்டு வரக்கூடாது. லிஃப்ட் வேண்டியதில்ல, கொத்தனார்கிட்ட இருக்கற தூக்குக்குண்டும் சாக்பீஸும் ஸ்டீல் டேப்பும் போதும்.

சமமான சிமென்டுத் தரையில வண்டியை நிறுத்துங்க. முன்சக்கரத்தைப் புடிச்சிருக்கற லோயர் ஆர்ம் சேசிஸ்ல மாட்டற போல்ட்டு, இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. பின்னாடி ஆக்ஸிலைப் புடிச்சிருக்கற கீழ் லிங்க் சேசிஸ்ல மாட்டற போல்ட்டு, அதேபோல ரெண்டு. இந்த நாலு போல்ட்டோட நடுவுல இருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில புள்ளி வைங்க. வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு குறுக்குக்கு அளங்க: முன்னிடதுல இருந்து பின்வலது, முன்வலதுல இருந்து பின்னிடது. ரெண்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ள இருந்தா கை அளவுல வர்ற பிசகுன்னு விட்டுடலாம். 10-ஐத் தாண்டினா வேண்டாம். நடுவுல இருந்தா லேசர் அலைன்மென்ட் பண்ற இடத்துல ஏத்தி அச்சடிச்ச தாளைப் பாருங்க. சக்கர இடைத்தூரமும் ரெண்டு பக்கமும் அளந்துக்குங்க, கம்பெனிக் கணக்கு 2,680 மி.மீ.

பாடியை நிறுத்தியிருக்கற போல்ட்டுத் தலையில ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தா பாடியைத் தூக்கியிருக்காங்கன்னு அர்த்தம். எதுக்குன்னு கேளுங்க. சேசிஸ் நம்பர் அடிச்ச இடத்தைத் துணியில டீசல் தொட்டுத் துடைச்சிட்டு, எழுத்தைச் சுத்தி அரைச்ச தடம் இருக்குதான்னும் பாருங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு வெச்சுட்டுப் படுங்க. பின்சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வெச்சு, முன்சக்கரம் ஒண்ணைத் தரைக்கு மேல தூக்கி, 12 மணி 6 மணி இடத்துல புடிச்சு ஆட்டினா பால் ஜாயின்ட், பேரிங் லூஸு தெரியும். 3 மணி 9 மணில ஆட்டினா டை ராடு எண்டு, ஸ்டியரிங் ரேக். கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு அடியில போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால முறுக்கிப் பாருங்க. அதோட நுனியில இருக்கற சிலுவை ஜாயின்ட்ல துளி ஆட்டம் இருந்தாலும் மாத்தோணும். ரிவர்ஸ்ல இருந்து முதல் கியருக்கு வர்றப்ப "டொக்"குன்னு கேக்கறது பெரும்பாலும் அதுதான்.


ரெண்டாம்கியர் (கோவை)

உங்கள் மூன்றாவது கேள்விக்கு.

ஸ்கார்ப்பியோ 2002 ஜூனில் வந்தது. மகிந்திராவே தன் ஆட்களை வைத்து நாசிக்கில் வடிவமைத்த வண்டி. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பவன் கோயங்கா. அதற்கு முன்பு கம்பெனி ஓட்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஜீப் வம்சம். எல்லாமே நம் ஊரில் பிறந்தது என்று சொன்னால் அது மிகை. பிறகு வந்த எம்ஹாக் இஞ்சின் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. இரண்டையும் தெரிந்துகொண்டு பேசலாம். 2014 செப்டம்பரில் சேசிஸ் புதிதாக மாறியது. 2017 நவம்பரில் முகம் மாறி, 140 குதிரைத்திறனும் ஆறு கியரும் வந்தன. நீங்கள் பார்த்திருப்பது அதுதான். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா ரிசர்ச் வேலி 2012-ல் வந்தது. வண்டிகளைச் சோதிக்கும் தடம் செய்யாறுப் பக்கம் இருக்கிறது.

வாங்குகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? நம் மண்ணுக்குக் கணக்குப் போட்ட வண்டி என்பது ஒன்று: உயரமான உட்காருமிடம், 1,500 சுற்றிலேயே கிடைக்கும் 320 நியூட்டன் மீட்டர் இழுவிசை, குழியைத் தாங்கும் சஸ்பென்ஷன். அதைவிட முக்கியம் உதிரிபாகம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே குடும்பத்து வண்டி ஓடுவதால் புஷ், பேடு, ஃபில்டர், டை ராடு எல்லாம் தாலுகா ஊர்க் கடையிலேயே கிடைக்கும். ஆனால் 2014-க்கு முந்தைய சாமானை 2018 வண்டிக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள்.

பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016-ல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்த ஸ்கார்ப்பியோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். அது ஏர்பேக் இல்லாத வண்டி. எஸ்11-ல் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு, ஆகவே அந்த எண்ணை அப்படியே இதற்கு ஒட்டக்கூடாது. அதற்காகப் புது ஸ்கார்ப்பியோ-என் 2022 டிசம்பரில் வாங்கிய ஐந்து நட்சத்திரத்தை இதற்கு ஒட்டவும் கூடாது. அது வேறு சேசிஸ், வேறு பாடி. பெயர் மட்டும்தான் ஒன்று.

ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பதற்கு ஒரு சின்ன சோதனை. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: ஒரு தடவை வெடித்த பையை மாற்றாமல் விளக்கை மட்டும் பிடுங்கி விட்டிருக்கலாம். பயணி பக்கம் டேஷ்போர்டு மூடியில் ஒட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வால்பாறைக்கு: ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. ஏறும்போது இந்த இஞ்சினுக்கு மூச்சு வாங்காது. சுற்று 1,500-க்குக் கீழே விழும் முன் கியரை இறக்கிவிட்டால் போதும். வளைவில் பாதி கிளட்ச்சில் நிறுத்தி வைக்கும் பழக்கம்தான் கிளட்ச்சைத் தின்கிறது. இறங்கும்போது இரண்டாம் கியர், காலுக்கு ஓய்வு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் முன் டிஸ்க் காய்ந்து, பிறகு சமவெளியில் 80-ல் பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கும். சோதனை ஓட்டத்தில் அந்த நடுக்கம் இருந்தால் வண்டி மலை இறங்கிப் பழகியது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டியின் உயரம் 1,995 மி.மீ., அகலம் 1,820. ஆளை விட உயரமான அலமாரிக்குச் சக்கரம் வைத்த மாதிரி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி - உடுமலை - தாராபுரம் பக்கம் குறுக்கே அடிக்கும்போது 90-க்கு மேல் இது ஒதுங்கும். அது கோளாறு இல்லை, உருவத்தின் குணம். காற்றே இல்லாத நாளிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் அலைன்மென்டையும் புஷ்ஷையும் பாருங்கள்.

முட்டிவலிக்கு இது சுகமான வண்டி இல்லை. தரைத்தளம் உயரம். பக்கவாட்டு மிதிபடியின் போல்ட்டு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியைப் பிடித்து அவர்களையே ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கேப்டன் சீட் இருப்பது நல்லது. கடைசி பெஞ்ச்சுக்கு அவர்களை அனுப்ப வேண்டியதில்லை.


குட்டைமேடு (பல்லடம்)

இவ்வளவு சோதிச்சு வாங்கறதுக்கு, தோப்புக்குள்ள ஓட்டத்தானே, பொலேரோ ஒண்ணு எடுத்துட்டுப் போயிடலாமுங்க. இலைப்பட்டை ஸ்ப்ரிங், பாரம் ஏத்தலாம், ஏறி இறங்கறதும் கொஞ்சம் சுளுவு. ஸ்கார்ப்பியோ சும்மா கெத்துக்கு.


ரெண்டாம்கியர் (கோவை)

தேங்காய் மூட்டை ஏற்றுவதாக இருந்தால் உங்கள் பேச்சு சரி. மாதம் இரண்டு நடை வால்பாறை, வாரம் ஒரு கோவை, அதுவும் வயசானவர்களோடு என்றால் பொலேரோவின் பின் ஸ்ப்ரிங் முதுகைப் பேச வைத்துவிடும். ஸ்கார்ப்பியோவில் பின்னாலும் காயில் ஸ்ப்ரிங்தான்.


ஆர்சி அலசல் (உடுமலை)

வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பாருங்க, அதுக்குப் பத்து நிமிஷந்தான் ஆகும்.

அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்புல நம்பரைப் போட்டா ஓனர் வரிசை, இன்ஷூரன்ஸ் தேதி, கடன் பதிவு இருக்குதாங்கறது வரும். ஹைப்பாதிகேஷன்னு பேங்க் பேரு நின்னா, கடன் தீர்ந்த கடுதாசியும், ஆர்சில இருந்து கடனை நீக்கற ஃபாரம் 35-உம் இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஈ-சலான் பாக்கியை டிஎன் நம்பருக்கும் பாருங்க, பழைய கேஎல் நம்பருக்கும் பாருங்க.

கேரளாவுல இருந்து வந்த வண்டிக்குத் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டின ரசீது இருக்கோணும். பேரு மாத்தியாச்சே, வரி கட்டாமலா இருப்பாங்கன்னு விட்டுடாதீங்க, ரசீதைக் கண்ணால பாருங்க.

பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி நகல் 2018, 2019-க்குக் கேளுங்க. 2019 புதுப்பிப்புல நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்குத் தர்ற தள்ளுபடி) 20 சதவீதம் வந்திருந்தா, மொதல் வருஷம் அந்த பாலிசில க்ளெய்ம் இல்லைன்னு வெச்சுக்கலாம். பூஜ்ஜியம்னா ஆகஸ்ட்டு வெள்ளத்துக்குக் க்ளெய்ம் போயிருக்கலாம், பம்பர் உரசலுக்கும் போயிருக்கலாம். க்ளெய்ம் பண்ணாம கைக்காசுல சரி பண்ணவங்களும் உண்டு. அதனால இதை மட்டும் வெச்சு முடிவு கட்டாம, கிரீஸ்கை சொன்னதையும் சேர்த்துப் பாருங்க.

வாங்கினா பேரு மாத்தற ஃபாரம் 29, ஃபாரம் 30 ரெண்டுலயும் விக்கறவர் கையெழுத்து அன்னிக்கே வாங்கிடுங்க. இன்ஷூரன்ஸைப் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தோணும். அவரோட போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும், அந்த வித்தியாசத்தை விலைக் கணக்குல சேருங்க. ஆர்சி 15 வருஷம், அதாவது 2033 பிப்ரவரி வரைக்கும். அதுக்கப்புறம் சோதனை பண்ணி அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கலாம். டீசலுக்குப் பத்து வருஷந்தான்னு சொல்றது டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட கோர்ட்டு உத்தரவு, இங்க அது இல்ல. அதை வெச்சு யாராச்சும் விலை பேசினா நம்பாதீங்க.


கிரீஸ்கை (பொள்ளாச்சி)

விட்டுப்போன இஞ்சின்.

காலையில போங்க. முந்தின நாளே "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் பானட்டுக்குள்ள கைய வைங்க, சூடா இருந்தா அந்தச் சோதனையே செல்லாது. குளிர்ந்த இஞ்சின் ரெண்டு மூணு நொடிக்குள்ள புடிக்கோணும். கறுப்புப் புகைன்னா காத்து பத்தலை, இல்ல டீசல் அதிகம். நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளை நின்னு நின்னு வந்து கண்ணு எரிஞ்சா எரியாத டீசல், கண்ணு எரியாம இனிப்பு வாடை அடிச்சா கூலன்ட்.

ஐடில்ல ஓடறப்ப ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி அப்படியே மேல வைங்க. லேசா அதிர்ந்தா சரி. குதிச்சா, புகை பீச்சினா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குது. கூலன்ட் டேங்குல குமிழி வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட்.

டீசலைப் பீச்சற இன்ஜெக்டருக்கு, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கற ஓபிடி ஸ்கேனரை மட்டும் நம்பாதீங்க. லீக்-ஆஃப், அதாவது இன்ஜெக்டர்ல இருந்து திரும்பி வர்ற டீசலைப் பாருங்க. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் பைப்பையும் கழட்டி, ஒரே மாதிரி நாலு சின்ன பாட்டில்ல விட்டு, அஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க. நாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல நிக்கோணும். ஒண்ணு மத்ததை விட ரெண்டு மடங்கு தாண்டினா அந்த இன்ஜெக்டர் போச்சு. விக்கறவர் சம்மதிக்கலைன்னா அவரையே தனக்குத் தெரிஞ்ச டீசல் பம்பு கடையில வெச்சுப் பார்த்துத் தரச் சொல்லுங்க.

டர்போ: காத்துப் பைப்புல லேசா ஆயில் ஈரம் இருக்கறது வழக்கம், சொட்டினா இல்ல. ஏத்தத்துல மூணாங் கியர்ல முழுசா மிதிச்சு ஓட்டுங்க. நல்லா இழுத்துட்டு இருக்கறப்ப திடீர்னு சக்தி செத்து, விளக்கு எரிஞ்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாச்சுன்னா டர்போவுக்குள்ள அசையற இறக்கை (வேன்) கரி புடிச்சுச் சிக்குதுன்னு வைங்க. ஊருக்குள்ளயே மெதுவா ஓடின வண்டிக்கு அது வரும். புகையில கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி விடற ஈஜிஆர் வால்வும் கூடவே கரி அடைஞ்சிருக்கும். இது பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4 வண்டி, புகைக்கரியைப் புடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் கிடையாது. அந்தத் தலைவலி 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டிக்காரங்களுக்கு.

கிளட்ச்: நாலாங் கியர்ல 40-ல போறப்ப முழுசா மிதிங்க. இஞ்சின் சுற்று முள்ளு மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா வழுக்குது.

நம்ம ஊரு வண்டிக்கே உரிய நோவு ஒண்ணு: தென்னை நார் தூசி. நார் மில்லுப் பக்கம் ஓடின வண்டின்னா ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்சருக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். மேல இருந்து தெரியாது, ரெண்டுக்கும் நடுவுல டார்ச் அடிக்கோணும். திருப்பூருப் பக்கத்து வண்டில இதே இடத்துல பஞ்சு. அதனாலதான் வால்பாறை ஏறறப்ப ஏசி சூடா ஊதும், கம்ப்ரஸர் போச்சுன்னு சொல்லி மாத்துவாங்க. பாதிப் பேருக்குத் தண்ணியடிச்சுக் கழுவினாலே தீரும். வேகமாப் பீச்சாதீங்க, இறக்கை மடங்கிடும். இஞ்சின் பக்கத்துல இருந்து முன்னோக்கிக் கழுவோணும். முன்னாடி இருந்து அடிச்சா தூசி இன்னும் உள்ள போய் உக்காந்துக்கும்.


தோப்புவழி (ஆனைமலை)

எல்லாருக்கும் நன்றிங்க. சொன்னபடியே பார்த்தாச்சு. கணக்கு இது:

குறுக்களவு வித்தியாசம் 4 மி.மீ. சக்கர இடைத்தூரம் இடது 2,679, வலது 2,681. பெயின்ட் கனமானியில கதவுகள் 110 முதல் 130 மைக்ரான், வலது முன் ஃபெண்டர் மட்டும் 270. பாடி போல்ட்டுல ஸ்பேனர் தழும்பு இல்ல.

லீக்-ஆஃப் அஞ்சு நிமிஷத்துல: 18, 20, 47, 19 மில்லி. குளிர்ல உடனே புடிச்சுது. புகை இல்ல. டிஃபரன்ஷியல் ஆயில் கறுப்பு, பால் நிறமில்ல. டயர் நாலும் 2319-னு அச்சு, ஓரமெல்லாம் விரிசல். ரிவர்ஸ் - முதல் கியருக்கு டொக்கு சத்தம் உண்டு. ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது. 2019 பாலிசில போனஸ் 20 சதவீதம் இருக்குது.

பயமா இருக்கறது ஒண்ணுதானுங்க. இடதுபக்க முன்சீட்டுக்குக் கீழ கார்ப்பெட் சொத சொதன்னு ஈரம். சீட்டு பெல்ட்டு ஆறும் சுத்தம், கனெக்டர்ல பச்சை இல்ல. வெள்ளத்து வண்டியா இருக்குமா?


கிரீஸ்கை (பொள்ளாச்சி)

வெள்ளம் 2018-ல. அந்த ஈரம் இன்னிக்கு வரைக்கும் நிக்காது. வெள்ளம் ஒரு பக்கம் மட்டும் ஏறாதுங்க, நாலு பக்கமும் ஏறும், வண்டலை விட்டுட்டுப் போகும். பெல்ட்டு சுத்தம், கனெக்டர் சுத்தம், ஈரம் ஒரே ஒரு இடத்துல. இது ஏசி தண்ணி. டேஷ்போர்டுக்குள்ள இருக்கற கூலிங் காயில்ல இருந்து வெளிய போற குழாய் அடைச்சிருக்குது. அடைக்கறது என்னன்னு நினைக்கறீங்க? நார் தூசிதான்.

உறுதி பண்ணிக்கறதுக்கு: ஏசியை முழுசா வெச்சு இருபது நிமிஷம் நிழல்ல ஓட விடுங்க. வண்டிக்கடியில தண்ணி சொட்டலைன்னா அடைப்புதான். அடியில வெளிய தெரியற ரப்பர் நுனியில மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஒயரை விட்டு ஆட்டுங்க, இரும்புக் கம்பி வேண்டாம், உள்ள குத்திடும். அரை டம்ளர் தண்ணி சளக்குன்னு கொட்டும். ஆனா ஈரத்தை அப்படியே விடக்கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில இருக்கற பஞ்சைப் பிழிஞ்சு, ரெண்டு நாள் வெயில்ல போடோணும். அதுக்குக் கீழ தகட்டுல துரு ஆரம்பிச்சிருக்குதான்னு கத்தி முனையால தட்டிப் பாருங்க. பூ மாதிரி உதிர்ந்தா விலையில புடிங்க. வெறும் செம்மண் நிறம்னா துடைச்சு பிரைமர் அடிச்சா போதும்.

மூணாவது இன்ஜெக்டர் போச்சு. 47 அப்படிங்கறது மத்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல. அதை மட்டும் டெஸ்ட் பெஞ்ச்ல போட்டுப் பாருங்க. மாத்தறதா இருந்தா செப்பு வாஷரைப் புதுசாப் போடோணும், பழசைத் திருப்பிப் போடறவங்ககிட்ட விடாதீங்க. இன்ஜெக்டர் தலையில பொறிச்சிருக்கற கோடு நம்பரை ஸ்கேனர் வெச்சு இஞ்சின் கம்ப்யூட்டர்ல (ஈசியூ) ஏத்தோணும். இதைப் பண்ணாம விட்டா ஐடில் தடதடங்கும், அப்பறம் இஞ்சின் மவுன்ட்டு போச்சும்பாங்க.

டயர் 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வயசாயிடுச்சு, வால்பாறைக்கு ஆகாது. 235/65 ஆர்17, நாலும் மாத்தினா 45 ஆயிரத்துக்குக் குறையாது. சிலுவை ஜாயின்ட் ரெண்டும் மாத்திடுங்க, பெரிய செலவில்ல, ஆனா ஷாஃப்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சாக்பீஸ்ல குறி போடச் சொல்லுங்க. குறி மாறி மாட்டினா 70-க்கு மேல அதிரும். ஃபெண்டர் 270 சும்மா உரசலுக்கு அடிச்ச பெயின்ட்டு. பட்டி வெச்சிருந்தா 500-ஐத் தாண்டியிருக்கும். அந்த ஃபெண்டருக்குப் பின்னாடி சேசிஸ் நேரா இருக்குதுன்னு உங்க 4 மி.மீ. சொல்லுது.

வண்டி எடுக்கறது தப்பில்லைங்க. ஆனா 9.25-க்கு இல்ல. டயர், இன்ஜெக்டர், சிலுவை, கூடுற இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டி, 61,000-க்கு மேல பில்லு இல்லாததுக்கும் ஒரு தொகையைக் கழிச்சா நான் 8.40-ல ஆரம்பிப்பேன். 8.60-க்கு மேல போகாதீங்க.

எடுத்த அன்னிக்கே டீசல் ஃபில்டர், இஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில் அஞ்சையும் மாத்திடுங்க. எந்த கி.மீ.ல மாத்தினதுன்னு பெயின்ட்டு பேனாவுல பானட்டுக்கு உள்பக்கம் எழுதி வெச்சுக்குங்க. ஏர் ஃபில்டர் பில்லுல என்ன இருந்தாலும் நம்ம பக்கம் அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா தட்டிப் பாக்கோணும், நார் தூசி பத்தாயிரம் வரைக்கும் காத்துட்டிருக்காது.